மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய 'வம்பயர்'

1942 ஏப்பிரல் 9ஆம் நாள் நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதுவோர் திருகோணமலை மீதான குண்டுவீச்சையும் விமானந்தாங்கிக் கப்பலான 'ஹேர்மிஸ்' மூழ்கடிக்கப்பட்டதையும் விரித்துரைப்பர். அதற்குத் துணையாகச் சென்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் 'வம்பயர்' ஒற்றை வரியோடு விடப்படுவதுண்டு. அவ்வரிக்குப் பின்னாலுள்ள வரலாறு நமது கவனத்துக்குரியது. நான்கு மாத இடைவெளியில் ஒரே தவற்றை முதலில் சாட்சியாகவும் பின்னர் பலியாகவும் கண்ட கப்பல் அது.

1917இல் பிரித்தானியக் கடற்படையிற் சேர்க்கப்பட்ட வம்பயர், 1933இல் அவுஸ்திரேலியாவிடம் கையளிக்கப்பட்டது. அதன் நான்கு அங்குலப் பீரங்கிகள் ஏறத்தாழ 30 பாகைக்கு மேல் நிமிரமாட்டா. வானிலிருந்து வரும் ஆபத்தைப் பெரிதாக எண்ணாத ஒரு காலத்தின் படைப்பு அது. ஆயினும் இரண்டாம் உலகப் போர் மூண்டதும், அதனொத்த ஏனைய நான்கு அவுஸ்திரேலியக் கப்பல்களுடன் மத்தியதரைக் கடலுக்கு அனுப்பப்பட்டது. நாசிப் பிரசாரகர் கோயபல்ஸ் இவற்றைப் பழைய இரும்புக் குவியல் என எள்ளினார். மாலுமிகளோ அவ்வசையையே தமது அணியின் பெயராக்கிக்கொண்டனர். 1940 யூலையில் கலாப்ரியாச் சமரிலும், 1941இல் கிரேக்கத்திலிருந்து படைகளை மீட்கும் பணியிலும் வம்பயர் ஈடுபட்டது.

பின்னர் அது சிங்கப்பூருக்கு வந்தது. 1941 டிசெம்பர் 10ஆம் நாள் குவாந்தானுக்கு அப்பால், 'பிறின்ஸ் ஒவ் வேல்ஸ்', 'றிப்பல்ஸ்' என்னும் பெருங்கப்பல்கள் யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டபோது வம்பயர் அருகில் நின்றது. றிப்பல்ஸிலிருந்து இருநூற்றுக்கு மேற்பட்டோரைக் காப்பாற்றியது. பாதுகாப்புக்கு வரவேண்டிய போர் விமானங்கள் வந்தபோது காலம் கடந்திருந்தது. 1942 சனவரி 26ஆம் நாளிரவு எண்டாவுக்கு அருகில் யப்பானியக் கப்பல்களைத் தாக்கச் சென்றபோது உடன்வந்த 'தானற்' மூழ்க, வம்பயர் மாத்திரம் தப்பி மீண்டது. சிங்கப்பூரின் வீழ்ச்சியோடு போர் இலங்கையின் வாயிலுக்கு வந்துவிட்டது.

ஏப்பிரல் 8ஆம் நாளிரவு, தாக்குதல் எச்சரிக்கை கிடைத்ததும், ஹேர்மிஸும் வம்பயரும் திருகோணமலையை விட்டுத் தெற்கு நோக்கிச் சென்றன. ஹேர்மிஸில் ஒரு விமானமேனும் இருக்கவில்லை. அதன் விமானங்கள் சீனக்குடாவில் தரித்திருந்தன. விமானமற்ற விமானந்தாங்கிக்கு, வானை நோக்கிச் சுடவியலாத நாசகாரி காவல்! மறுநாட் காலை யப்பானிய உளவு விமானமொன்று கப்பல்களைக் கண்டது. திரும்பி வருமாறு கட்டளை கிடைத்து அவை வடக்கு நோக்கி விரைந்துகொண்டிருக்கையில், மட்டக்களப்புக்கு அப்பால், 85 விமானங்கள் பாய்ந்து குண்டெறிந்தன. ஹேர்மிஸ் இருபது நிமிட அளவில் மூழ்கியது. 307 பேர் மாண்டனர். அடுத்துக் குறிவைக்கப்பட்ட வம்பயர் இரண்டாகப் பிளந்தது. கப்பற்றலைவர் மொறனும் மாலுமிகள் எழுவரும் அதனுடன் மடிந்தனர்.

குவாந்தானில் விமான உதவி உரிய வேளையிற் கோரப்படவில்லை. இங்கோ அது கோரப்பட்டும் தொடர்புச் சீர்கேட்டால் பயனளிக்கவில்லை. காலைத் தாக்குதலை எதிர்கொண்ட சீனக்குடா விமானப்படை களைத்துப்போயிருந்தது. இரத்மலானையிலிருந்து புறப்பட்ட விமானங்கள் கப்பல்கள் மூழ்கிய பின்னரே வந்தடைந்தன. ஆதலால், இத்தோல்வியை எதிரியின் வலிமை ஒன்றினால் மட்டும் விளக்குவது பொருந்தாதென்பதே நமது கருத்து. குடியேற்ற நாடுகளின் துறைமுகங்களை வேண்டி நின்ற பேரரசு, அவற்றைக் காக்கக் கழிந்த போரின் கப்பல்களையே ஒதுக்கியிருந்தது.

உயிர் தப்பியோரில் ஏறத்தாழ 600 பேரை அவ்வழியே வந்த 'வீற்றா' என்னும் மருத்துவக் கப்பல் மீட்டுக் கொழும்புக்குக் கொண்டுசென்றது. 1959இல் சேவையிற் சேர்ந்த அதே பெயருடைய இன்னொரு நாசகாரி, பின்னர் சிட்னித் துறைமுகத்தில் அருங்காட்சியகக் கப்பலாயிற்று.