உருளைக்கிழங்குப் பையில் ஒரு சொல்

ஜெர்மனியில் எந்தக் கடையில் உருளைக்கிழங்குப் பை வாங்கினாலும் அதன்மேல் ஒரு சொல் அச்சிட்டிருக்கும். ‘ஃபெஸ்ட்கோஹெண்ட்’ என்றால் வெந்தாலும் குலையாத கிழங்கு. ‘மேலிஷ்கோஹெண்ட்’ என்றால் மாவாகக் கரைகிற கிழங்கு. முதலாவது பொரியலுக்கு, இரண்டாவது பூரி மசாலுக்கு. சொல்லைப் படிக்காமல் வாங்கினால் ரோஸ்ட் களியாகிவிடும். 2023-24 குளிர்காலப் பருவத்தில் அந்நாட்டு உயர்கல்வி நிறுவனங்களில் சுமார் 49,000 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். வெளிநாட்டு மாணவர்களில் அதுவே பெரிய கூட்டம். ஆங்கிலவழி முதுகலைப் படிப்பில் சேர்ந்தவர், நாலு வார்த்தை ஜெர்மன் தெரியாமலேயே பட்டம் வாங்கிவிடலாம். ஆனால் கிழங்கு வாங்க முடியாது. குடிபோன ஊரை அறிந்துகொள்ளக் குறுக்குவழி, கூடத் தங்கியிருப்பவர்களின் சமையலில் நாலைந்தையாவது கற்றுக்கொள்வதுதான் என்பது என் கட்சி.

அங்கே மாணவர்கள் பெரும்பாலும் தேடுவது ‘வேகே’ எனப்படும் பங்குக் குடியிருப்பை. ஆளுக்கொரு அறை, அடுக்களையும் குளியலறையும் பொது. 1967இல் மேற்கு பெர்லினில் ‘கொம்யூன 1’ என்ற கூட்டுக் குடித்தனம் தொடங்கியபோது அது குடும்ப அமைப்புக்கு எதிரான அரசியல் கலகமாக இருந்தது. கலகம் போய்விட்டது, கூட்டாகக் குடியிருப்பது மட்டும் சாதாரணமாகிவிட்டது. இடம் கேட்டு வருபவரை அடுக்களை மேசையில் உட்கார்த்திப் பேசிப் பார்ப்பார்கள்; கிட்டத்தட்டப் பெண் பார்க்கும் படலம், சொஜ்ஜி பஜ்ஜி மட்டும் கிடையாது. தேர்வானால் ஃபிரிட்ஜில் ஒரு தட்டும், துப்புரவு முறைப் பட்டியலில் ஒரு வாரமும் அவருக்கு. உப்பு, எண்ணெய் வாங்கப் பொதுக் காசு போடும் வீடுகளும் உண்டு.

சமையலைக் கற்பது என்றால் பண்டங்களின் பட்டியலை மனப்பாடம் செய்வது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அதோடு சேர்ந்து வருவது அந்த வீட்டின் நேரக் கணக்கு. ஜெர்மானியர்களின் பழைய வழக்கப்படி சூடான சாப்பாடு மதியத்துக்கு. இரவில் ரொட்டி, சீஸ், ஊறிய வெள்ளரிக்காய். இரவு உணவுக்கு ‘ஆபென்ட்ப்ரோட்’, அதாவது மாலை ரொட்டி, என்றே பெயர். இன்று எல்லோரும் அப்படிச் சாப்பிடுவதில்லை. ஆனாலும் இரவு ஒன்பதரைக்கு வெங்காயமும் கடுகும் தாளிக்கப்படும் என்ற எதிர்பார்ப்பில் அந்த வீடுகள் கட்டப்படவில்லை. அடுப்புக்கு மேலுள்ள விசிறி பல அடுக்ககங்களில் புகையை வெளியே தள்ளாது. வடிகட்டி மறுபடி உள்ளேயே விடும். நடைவழியில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்குத் தாளிப்பும் தீயும் ஒன்றுதான். குளிருக்காக இறுக மூடிய சன்னல்களால் குக்கர் ஆவி சுவரில் படிந்து பூஞ்சை பிடிக்கும், பழி குடியிருப்பவர் மேல் விழும். அதனால்தான் நடுக்குளிரிலும் சன்னலை அகலத் திறந்து சில நிமிடம் காற்று விடுகிறார்கள். ‘சன்னலைத் திற’ என்ற சொல் நம் சாம்பார் மீதான வெறுப்பாகக் காதில் விழுகிறது. சில சமயம் வெறுப்பாகவும் இருக்கலாம், மறுப்பதற்கில்லை. பல சமயம் அது பூஞ்சையைப் பற்றிய பேச்சு. இரவு பத்துக்கு மேல் குக்கர் விசில் கூடாது என்பதும், ஞாயிறன்று கடை கிடையாது என்பதும் இப்படித்தான் பிடிபடும். ஞாயிறு ஓய்வு அவர்களுடைய அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. சனிக்கிழமை மாலைக்குள் பால் வாங்காதவருக்கு ரயில் நிலையக் கடைதான் கதி.

சைவர்கள் என்ன செய்வார்கள், நம் சாப்பாட்டை ஏன் விட வேண்டும் என்று கேட்கலாம். விடச் சொல்லவில்லை. தென்மேற்கே ஸ்வேபியப் பகுதியில் பழுப்புப் பருப்பை வேகவைத்து, வினிகர் விட்டுப் புளிப்பேற்றி, ‘ஷ்பெட்ஸ்ல’ என்ற முட்டை மாவு நூடுல்ஸோடு சாப்பிடுகிறார்கள். கூட வைக்கும் சாசேஜை எடுத்துவிட்டால், பருப்பில் புளி கரைத்துப் பழகியவருக்கு அது அந்நியப் பண்டமே இல்லை. முட்டையும் ஆகாதவர் ரொட்டியோடு சாப்பிடலாம். நம் நூல்கோல்தான் அவர்களின் கோல்ராபி. பச்சையாகவே குச்சி குச்சியாக நறுக்கிக் கடிக்கிறார்கள். உருளைக்கிழங்கு சாலட்டுக்கு வடக்கே மயோனைஸ், தெற்கே சூடான சாறும் வினிகரும். எது சரி என்று ஒரே வீட்டு வடக்கத்தியரும் தெற்கத்தியரும் மல்லுக்கட்டும்போது, கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அந்நாட்டின் வட்டார வேறுபாடு இலவசப் பாடம். மொழியும் அங்கேதான் இளகுகிறது. வகுப்பு முதலில் கற்றுத்தருவது ‘ஸீ’ என்ற மரியாதைப் பன்மையை. ‘உரி, நறுக்கு, கிளறு’ என்று ‘டூ’ போட்டுப் பேசுவது அடுப்படியில். நீ, நீங்கள் பேதம் அறிந்த தமிழருக்கு இந்த இறக்கத்தின் அருமை சட்டென விளங்கும்.

நம்மவர்களோடு சேர்ந்து தங்கினால் செலவும் தனிமையும் குறையுமே என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். புதிதாக வந்த மாதங்களில் அது முழுக்க நியாயம். பதிவு, காப்பீடு, வங்கி என்று அலையும்போது இரவில் ரசம் சோறு கிடைப்பது சிறிய விஷயமில்லை. ஆனால் இரண்டு வருடமும் அப்படியே கழிந்தால், எந்தக் குப்பை மஞ்சள் தொட்டிக்கு, எது பழுப்புத் தொட்டிக்கு என்பதைக்கூடப் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டித்தான் தெரிந்துகொள்ள நேரும். ஜெர்மானியர்களோடு தங்கினாலும் யாரும் யாரோடும் சமைக்காத வீடுகள் நிறைய இருக்கின்றன என்பதும் உண்மை. வாடகையைப் பங்கிட மட்டுமே சேர்ந்த அத்தகைய வீட்டுக்கு ‘ட்ஸ்வெக்-வேகே’ என்று பெயர். சேர்ந்து சாப்பிட ஆள் தேடுகிறவர்கள் ‘எங்களுடையது அது அல்ல’ என்று விளம்பரத்திலேயே எழுதிவிடுகிறார்கள். வீடு தேடும்போது வாடகைத் தொகைக்கு அடுத்தபடி கண் போக வேண்டிய வரி அது.