நான்கு பெல்ட்டும் ஒரு ஸ்பிரிங்கும்

சிங்கப்பூரில் சின்ன மோட்டார்சைக்கிள் ஒன்றை வாங்குபவர் வண்டிக்குக் கொடுக்கும் காசைவிட, அதைச் சாலையில் ஓட்டும் உரிமைக்கே அதிகம் கொடுக்க நேர்வதுண்டு. மோட்டார்சைக்கிளுக்கான வாகன உரிமைச் சான்றிதழின் கட்டணம் 2022இல் 13,000 வெள்ளியைத் தாண்டியது. அதன் ஆயுளோ பத்தே ஆண்டு. இவ்வளவு கொடுத்து வாங்கிய வண்டியை லாரியில் ஏற்றும்போது மட்டும், சீட்டுக்கு மேல் ஒரு நைலான் கயிற்றைப் போட்டு இழுத்துக் கட்டி அனுப்பிவிடுகிறார்கள்.

விரைவுச்சாலையில் வண்டி நின்றுபோனால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஈமாஸ் மீட்பு வாகனம் வந்து, அருகிலுள்ள வாகன நிறுத்துமிடம்வரை இலவசமாகக் கொண்டுபோய் விடும். அங்கிருந்து ஊபியிலோ காக்கி புக்கிட்டிலோ உள்ள பட்டறைக்கு எடுத்துப்போவது சொந்தக்காரரின் பாடு. சிராங்கூன் சாலைப் பக்கம் வசிப்பவருக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது, தேக்காவில் மளிகைச் சாமான் இறக்கும் பத்தடி லாரிதான். ஆனால் அரிசி மூட்டை போட்ட இடத்தில் படுத்துக் கிடக்கும். இரண்டு சக்கர வண்டி அப்படி இருக்காது.

பலரும் செய்யும் முதல் தவறு, வண்டியைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்தபடியே கட்டுவது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. லாரி மேடு பள்ளத்தில் குதிக்கும்போது ஃபோர்க் ஸ்பிரிங் அமுங்குகிறது. அந்த நொடியில் கயிறு தொய்கிறது, கொக்கி கழன்று விழுகிறது. அடுத்த வளைவிலேயே வண்டி சரிந்துவிடும்.

பிரேக் அடிக்கும்போது சரக்கு எவ்வளவு விசையுடன் முன்னால் தள்ளும் என்பதற்கு ஐரோப்பியத் தரவிதி ஒரு கணக்கு வைத்திருக்கிறது: முன்பக்கம் எடையில் 0.8 பங்கு, பக்கவாட்டிலும் பின்னாலும் 0.5 பங்கு. இங்கே பலர் ஆசையாக வைத்திருக்கும் ஹோண்டா சூப்பர் ஃபோர் ஏறத்தாழ 200 கிலோ. அப்படியானால் முன்னால் 160 கிலோ, பக்கவாட்டில் 100 கிலோ விசையைக் கட்டு தாங்கியாக வேண்டும். அவசரத்தில் போட்ட முடிச்சை நம்பி விடக்கூடிய காரியமல்ல இது.

சரியான கட்டு அந்த ஸ்பிரிங்கையே வேலை வாங்குகிறது. முன்சக்கரத்தை லாரியின் முன்தட்டியில் முட்டவைத்து, ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் தடித்த இணைப்பில் துணி வளையம் மாட்டி, இரண்டு ராட்செட் பெல்ட்டுகளைக் கீழ்நோக்கியும் வெளிப்பக்கமாகவும் இழுக்க வேண்டும். ஸ்பிரிங் பாதிவரை அமுங்கினால் போதும். பிறகு குலுங்கினாலும் அது மேலே எழும்பப் பார்த்து பெல்ட்டை விறைப்பாகவே வைத்திருக்கும். கடைசிவரை அமுக்குவது வீரமல்ல. ஆயில் சீல் பழுதாகலாம். பின்பக்கத்துக்கு இன்னும் இரண்டு பெல்ட், வால் ஆடாமலிருக்க. நான்கும் இறுகிய பிறகுதான் ஸ்டாண்டை மடக்க வேண்டும். கியர் வண்டியை முதல் கியரில் விடலாம். ஸ்கூட்டரில் அந்த வசதி இல்லாததால் பிரேக் பிடியை இறுக்கிக் கட்டிவிடுவது நல்லது. பெல்ட் பிரேக் குழாயை நசுக்கக் கூடாது. சூடான சைலன்சரில் பட்டால் பாலியஸ்டர் உருகிவிடும்.

உண்மையில் வண்டிகள் ஓட்டத்தில் விழுவதைப்போலவே பலகையில் ஏற்றும்போதும் விழுகின்றன. எஞ்சினைப் போட்டு ஓட்டியே ஏற்றிவிடலாம் என்று கிளம்புகிறவர்தான் பெரும்பாலும் சறுக்குகிறார். பின்னால் மின்தூக்கித் தட்டு உள்ள லாரி கிடைத்தால் கூடுதலாகச் சில வெள்ளி போனாலும் பரவாயில்லை. இல்லாவிட்டால் அகலமான பலகையும் மூன்று பேரும் தேவை. வண்டி சரியக்கூடிய பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

தமிழ்நாட்டில் ரயில் பார்சலில் பைக் அனுப்புவோர் பெட்ரோலை வடித்து, சாக்கு சுற்றி ஒப்படைப்பார்கள். சிங்கப்பூரின் அரைமணி நேரப் பயணத்துக்கு அந்தச் சாக்கு வேண்டாம். பழைய கார்புரேட்டர் வண்டியானால் பெட்ரோல் குழாயை மட்டும் அடைத்துக்கொள்ளலாம்.

பெல்ட்டில் தைத்திருக்கும் சீட்டில் அது தாங்கும் அளவு அச்சிடப்பட்டிருக்கும். வெயிலில் வெளுத்து நூல் பிரிந்த பெல்ட்டுக்கு அந்த எண் பொருந்தாது. புதிய பெல்ட்டும் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் சற்றுத் தளர்வது இயல்பு. ஆகவே தீவு விரைவுச்சாலையில் ஏறுவதற்கு முன்பே லாரியை ஓரங்கட்டி நான்கையும் ஒருமுறை இறுக்கிவிட வேண்டும். ஏறிய பிறகு அதற்காக நிறுத்த அங்கே அனுமதியில்லை.