ஒரு விளை, இரண்டு உயர் நீதிமன்றம்

ஆரியங்கோட்டு வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார்: எங்கள் விளையில் பாதி நெய்யாற்றின்கரை தாலுகாவிலும் மீதி விளவங்கோட்டிலும் கிடக்கிறது, பாகப்பிரிவினை வழக்கை எங்கே போடுவது? எந்தப் பக்கமும் போடலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. நெய்யாற்றின்கரையில் போட்டால் மேல்முறையீடு எறணாகுளம் வரை போகும்; குழித்துறையில் போட்டால் மதுரைக்கு.

விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-க்கு முன்பு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. 1887 முதல் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூருக்கென உயர் நீதிமன்றம் இருந்தது. 1949-ல் கொச்சியோடு இணைந்தபோது தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு, நீதிமன்றம் எறணாகுளத்துக்கு என்று பங்கு வைத்தார்கள். தெற்கே இருப்பவன் 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறான். திருவனந்தபுரத்தில் ஒரு கிளை வேண்டுமென்ற கோரிக்கை நியாயமானதுதான். விளவங்கோட்டுக்காரர் நிலைமை இன்னும் மோசம்: 2004-ல் மதுரைக் கிளை வரும்வரை சென்னைக்கே போனார்.

எனக்குப் பிடித்த விசித்திரம் வேறு. தாத்தா போய் வெகுகாலம் ஆகியும் எங்கள் வீட்டு கரண்ட் பில் அவர் பெயரில்தான் வருகிறது. திருவிதாங்கூர் போன பிறகும் அதன் 1916-ஆம் ஆண்டு கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் அப்படித்தான் எல்லையின் இருபுறமும் நடமாடியது. உயில் எழுதாத தகப்பனின் சொத்தில் மகளுக்கு, மகன் பங்கில் கால்வாசி அல்லது 5000 ரூபாய், எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தால் அதுவுமில்லை. இச்சட்டம் செல்லும் என்று திருவிதாங்கூர்–கொச்சி உயர் நீதிமன்றம் சொன்னது. சென்னையில் தனி நீதிபதி ஒருவர் செல்லாது என்றார். அமர்வு அதை மாற்றிச் செல்லும் என்றது. மேரி ராய் போட்ட வழக்கில்தான், 1986-ல், உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது: 1951 ஏப்ரல் 1-லேயே அந்தச் சட்டம் காலாவதி, மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு.

இதில் நம்மூருக்கு ஒரு தனிக் கதை உண்டு. அதே பழைய சட்டத்தின் 30-ஆம் பிரிவு, நெய்யாற்றின்கரை உள்ளிட்ட சில தாலுகாக்களின் லத்தீன் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகளில் சில பிரிவினருக்கு விலக்கு அளித்தது. ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிடுவது அவர்கள் வழக்கமாம்! மன்னர் காலச் சட்டமே ஒத்துக்கொண்ட வழக்கம் அது. இன்றைக்கோ கல்யாணப் பந்தல் பிரிக்கும் முன்பே பெண்ணைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். பிறகு மனம் மாறி அவள் பங்கு கேட்டால், முதலில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லி வழக்காட வேண்டியிருக்கிறது.