டான்யூப் கரையின் முன்கள வீரர்: ரோபர்ட் விட்டெக்

ஆஸ்திரியாவையும் ஹங்கேரியையும் ஒட்டிய எல்லையில் டான்யூப் ஆற்றின் இரு கரைகளிலும் பரந்துள்ள பிராடிஸ்லாவா, 1563 முதல் 1830 வரை ஹங்கேரிய அரசர்கள் முடிசூடிய நகரமாக விளங்கி, முதல் உலகப் போருக்குப் பின் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் வந்து, 1993 ஜனவரி 1 அன்று அந்நாடு இரண்டாகப் பிரிந்தபோது ஸ்லோவாக்கியக் குடியரசின் தலைநகராயிற்று. இந்நகரில் 1982இல் பிறந்த ரோபர்ட் விட்டெக் ஒரு முன்கள வீரர். அதாவது, எதிரணியின் கோல் கம்பங்களுக்கு அருகே இயங்கிக் கோலடிப்பதை முதற்கடமையாகக் கொண்டவர். அவருடைய ஆட்ட வாழ்வை இந்த அரசியல் மாற்றத்திலிருந்து பிரித்துப் படித்தால் அதன் மதிப்பு பாதியே புலப்படும்.

அவர் முதலில் ஆடிய ஸ்லோவான் பிராடிஸ்லாவா கழகம், ஐரோப்பிய நாடுகளின் கோப்பை வெற்றியாளர்கள் மோதிய தொடரின் 1969ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தில், பாசெல் நகரில் பார்சிலோனாவை 3-2 என வென்றது. 1976இல் ஐரோப்பிய வாகையர் பட்டம் பெற்ற செக்கோஸ்லோவாக்கிய அணியிலும் இக்கழகத்தினர் பலர் இருந்தனர். இறுதி ஆட்டத்தின் முதல் கோலை அடித்த யான் ஷ்வெஹ்லீக் அவர்களுள் ஒருவர். எனினும், பன்னாட்டு அரங்கில் இப்புகழ் கூட்டு நாட்டின் பெயரிலேயே பதிவாயிற்று.

விட்டெக் 2003இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் கழகத்திற்குச் சென்றார். அடுத்த ஆண்டே ஸ்லோவான் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. நகரின் கால்பந்து மையம் சில காலம் ஆற்றின் தென்கரைக்கு, அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்த பெட்ர்ஷால்காவுக்கு, இடம்பெயர்ந்தது: விளாதிமீர் வைஸ் பயிற்றுவித்த ஆர்ட்மீடியா கழகம் 2005இல் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணியை 5-0 என வீழ்த்திச் சாம்பியன்ஸ் லீகின் குழுச்சுற்று வரை சென்றது. அதே பருவத்தில் விட்டெக் ஜெர்மனியின் முதற்பிரிவான புன்டெஸ்லீகாவில் 16 கோல்கள் அடித்தார். நியூரம்பெர்க் போன்ற, பட்டத்திற்குப் போட்டியிடாத அணிக்காக அடிக்கப்பட்டவை என்பதால் இவற்றின் எடை கூடுதலாகும்.

வடகரைக் கழகத்தில் வளர்ந்த முன்கள வீரரும் தென்கரைக் கழகத்தில் புகழ்பெற்ற பயிற்சியாளரும் 2010இல் தென்னாப்பிரிக்காவில் தேசிய அணிக்காக ஒன்றாகச் செயல்பட்டனர். ஸ்லோவாக்கியா தனிநாடாகப் பங்கேற்ற முதல் உலகக் கோப்பை அது. நியூசிலாந்துக்கு எதிரான 1-1 ஆட்டத்தில் விட்டெக் ஒரு கோல் அடித்தார். பராகுவேயிடம் 0-2 எனத் தோற்றபின், ஜூன் 24 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க் அரங்கில் நடப்பு வாகையரான இத்தாலியை வென்றே ஆகவேண்டிய நிலை உருவாயிற்று. 25ஆம் நிமிடத்திலும் 73ஆம் நிமிடத்திலும் அவர் கோலடித்தார். இத்தாலி ஒரு கோலைத் திருப்பியதும் மாற்று வீரராக இறங்கிய கமில் கொபூனெக் மூன்றாவதை அடித்தார். இறுதி நொடிகள் வரை நடுங்கவைத்த அந்த ஆட்டம் 3-2 என முடிய, இத்தாலி குழுவின் கடைசி இடத்தோடு வெளியேறியது. ஒரு சிறிய நாட்டின் விளையாட்டு வரலாற்றில் இதற்கு நிகரான மாலைப்பொழுதுகள் மிகச் சிலவே. அடுத்த சுற்றில் நெதர்லாந்திடம் 1-2 எனத் தோற்ற ஆட்டத்தின் கடைசிக் கணத்திலும் பெனால்டி உதையை அவரே கோலாக்கினார். பெனால்டி என்பது தவறுக்குத் தண்டனையாக, கோல் காப்பாளரை மட்டும் எதிர்கொண்டு உதைக்கும் வாய்ப்பாகும்.

அத்தொடரில் ஸ்லோவாக்கியா அடித்த ஐந்து கோல்களில் நான்கு விட்டெக்கினுடையவை. நாட்டுக்காக 82 ஆட்டங்களில் 23 கோல்கள் அடித்த அவர், பின்னர் ஸ்லோவானுக்கே திரும்பினார். அந்த 23 என்னும் நாட்டுச் சாதனையைப் பிற்காலத்தில் மாரெக் ஹம்ஷீக் கடந்தார்.