நோட்டுப்புத்தகம் சொன்ன செய்தி

எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஒரு முருங்கை, ஒரு செம்பருத்தி, இரண்டு வாழை. அங்கிருந்து பார்க்கும் பறவைகளை ஐந்தாம் படிவத்திலிருந்து எழுதி வருகிறேன். ஒவ்வொரு ஜனவரியும் புதிய பக்கம். பறவையின் பெயர், அதை முதலில் கண்ட தேதி, அவ்வளவுதான்.

மைனா, புள்ளிப்புறா, தேன்சிட்டு, மாங்குயில் ஆகியவை முதல் வாரத்திலேயே இடம்பிடித்துவிடும். பழுப்புக் கீச்சானுக்கு மட்டும் காத்திருக்க வேண்டும். வட ஆசியாவில் குளிர் நெருங்கும்போது புறப்பட்டு, செப்டம்பர் வாக்கில் இங்கு வரும் விருந்தாளி அது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் 23 வகை. சென்ற ஆண்டு 22. எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமில்லை. பெயர்களை ஒப்பிட்டபோதுதான் வெண்மார்புக் கானாங்கோழி இல்லாதது தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த புதர்நிலத்தில் கடைவீடுகள் எழும்பிய ஆண்டு அது. விடியற்காலையில் கேட்ட அதன் சத்தம் நின்றதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. நோட்டுப்புத்தகம்தான் சொன்னது.

நீங்களும் தொடங்கலாம். தோட்டம் இல்லையென்றால் அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரம் போதும். தினமும் 15 நிமிடம் ஒதுக்குங்கள். ஈபேர்ட் செயலியிலும் பதிவு செய்தால் ஆய்வாளர்களுக்கும் பயன்படும். சாதாரணப் பறவைதானே என்று எதையும் விட்டுவிடாதீர்கள். கானாங்கோழியும் எங்களுக்கு அப்படித்தான் இருந்தது.