சுவரில் தொங்கும் சிவப்பு சிலிண்டர்

கொல்கத்தாவின் படா பஜாரில் நடக்க இடம் கிடைப்பதே பெரும்பாடு. கைவண்டி, மூட்டை, தலைக்கு மேலே தாறுமாறாக மின்கம்பிகள். இந்த நெரிசலை ஒட்டிய மெச்சுவாவில்தான் ரிதுராஜ் ஹோட்டல். 2025 ஏப்ரல் 29 இரவு அங்கே பற்றிய தீயில் 14 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது புகை. கரூர் மாவட்டத்திலிருந்து சுற்றுலா போன ஒரு குடும்பம் இரண்டு குழந்தைகளையும் தாத்தாவையும் பறிகொடுத்தது.

ஹோட்டலுக்குத் தீயணைப்புத் துறை தந்த தடையில்லாச் சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே காலாவதியானது என்பது மறுநாள் தெரியவந்தது. நகரத்துக்கு இது முதல் அடி அல்ல. 2010-ல் பார்க் தெரு ஸ்டீபன் கோர்ட்டில் 43 பேர், அடுத்த ஆண்டு டிசம்பரில் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் சுமார் 90 பேர். 2018-ல் பக்ரி மார்க்கெட் நாள்கணக்கில் எரிந்தது. ஒவ்வொரு முறையும் சில வாரங்களுக்கு அதிரடி சோதனை. பிறகு பழைய கதை.

சான்றிதழைப் போலவே சத்தமில்லாமல் காலாவதியாகும் இன்னொன்று, மாடிப்படி ஓரம் தொங்கும் தீயணைப்பான். புகை மாடியேறிய பிறகு அதனால் பயன் கிடையாது. சமையலறையிலோ சுவிட்ச் போர்டிலோ தீ பிடித்த முதல் நிமிடத்துக்கானது அது. பீய்ச்சுவதே சில விநாடிகள்தான். அந்த விநாடிகளில் அது வேலை செய்தாக வேண்டும்.

பவுடர் வகையில் அழுத்தம் காட்டும் முள் பச்சைப் பகுதியில் நின்றால் போதும் என்பது பொதுவான நம்பிக்கை. பாதிதான் சரி. முள் காட்டுவது வாயுவின் அழுத்தத்தை. உள்ளே பவுடர் ஈரம் பட்டுக் கட்டி தட்டியிருந்தால் அதை முள் சொல்லாது. கொல்கத்தாவின் புழுக்கத்தில் சிலிண்டரின் அடிப்பாகம் துருப்பிடிப்பதும் சகஜம். சில இடங்களில் காவலாளி 'வேலை செய்கிறதா' என்று ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு மாட்டிவிடுகிறார். வால்வில் சிக்கிய பவுடர் அதைச் சரியாக மூட விடாது. வாயு கசிந்து தீரும். ஒரு விநாடி அழுத்தினாலும் மறுபடி நிரப்பித்தான் ஆக வேண்டும்.

கணிப்பொறி அறைகளில் வைக்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கு முள்ளே கிடையாது. தராசில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். வாயுவின் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே நிரப்ப அனுப்ப வேண்டும். தராசோடு வரும் சர்வீஸ்காரரைப் பார்த்தவர்கள் குறைவு. துணியால் துடைத்து, அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்களே அதிகம்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 2190 விதிமுறை இதற்கெல்லாம் கணக்கு வைத்திருக்கிறது. பவுடர் சிலிண்டருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நீர் அழுத்தச் சோதனை, கார்பன் டை ஆக்சைடுக்கு ஐந்து ஆண்டு. ஆயுள் முறையே 10, 15 ஆண்டுகள். அதற்குப் பிறகு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கழித்துவிட வேண்டும்.

பழைய சிலிண்டருக்குச் சிவப்பு பெயின்ட் அடித்துப் புது ஸ்டிக்கர் ஒட்டுவது எளிது. தயாரித்த ஆண்டு சிலிண்டரின் உடம்பிலேயே இருக்கும். பெயின்ட்டைக் கொஞ்சம் சுரண்டிப் பார்க்க வேண்டியிருக்கலாம்.