எங்க ஊர் பேர்ல ஒரு நோய்: விக்கிப்பீடியாவில் மருத்துவம் எழுதிப் பழகுவது

மல்லி, ஜிகர்தண்டா எல்லாம் போக, மதுரை பேர்ல ஒரு நோயும் இருக்கு. மருத்துவப் புத்தகங்கள்ல அதுக்குப் பேரு ‘மதுரா ஃபுட்’, அதாவது மதுரைக் கால். 1842-ல் கில் என்ற மருத்துவர் இந்தப் பகுதியில் அதைக் கவனிச்சு எழுதினதால் வந்த பேர் அது. தமிழ் விக்கிப்பீடியாவில் மருத்துவக் கட்டுரை எழுதிப் பழகலாம்னு உட்கார்ந்தப்போ, சொந்த ஊர் சமாசாரம் ஆச்சேன்னு நான் இதைத்தான் எடுத்தேன்.

வெறுங்காலோட வயல்ல வேலை செய்யிறவங்களுக்கு முள் குத்துது. அந்த வழியா மண்ணுல இருக்கிற கிருமி உள்ளே போகுது. மாசக்கணக்கா, வருஷக்கணக்கா பாதம் மெல்ல வீங்கும். பெரிசா வலி இருக்காது. அதனாலயே யாரும் ஆஸ்பத்திரிக்குப் போறதில்லை. அப்புறம் அங்கங்க ஓட்டை விழுந்து, சீழோட குருணை மாதிரி வெளியே வரும். விட்டா எலும்பையும் அரிச்சிடும்.

எழுத உட்கார்ந்தா முதல் சிக்கலே பேர்தான். 1860-ல் பம்பாயில் இருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர் இதுக்கு ‘மைசெட்டோமா’ன்னு பேர் வச்சார். (‘கிரேஸ் அனாட்டமி’ புத்தகத்துக்குப் படம் வரைஞ்சாரே, அவரேதான்.) பூஞ்சைக் கட்டின்னு அர்த்தம். ஆனா பார்க்க ஒரே மாதிரி இருக்கிற இந்த நோயைப் பூஞ்சையும் உண்டாக்கும், சில பாக்டீரியாக்களும் உண்டாக்கும். பாக்டீரியான்னா மாசக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தா பெரும்பாலும் நல்லா கேட்கும். பூஞ்சைன்னா வேற மருந்து, நீண்ட காலம், கூடவே அறுவை சிகிச்சை, சில நேரம் காலையே எடுக்க வேண்டி வரும். ‘இது ஒரு பூஞ்சை நோய்’னு ஒரே வரியில் முடிச்சா, படிக்கிறவர் தப்பான மருந்தைத் தேடிப் போவார். அதனால எந்தக் கிருமின்னு பரிசோதனை பண்ணித்தான் மருந்து முடிவாகும்ங்கிறது என் வரைவில் முதல் பத்தியிலேயே இருக்கு.

வார்த்தைகளும் காலை வாரும். ஆங்கிலத்தில் அந்தக் குருணைக்கு ‘கிரெய்ன்’னு சொல்வாங்க. அதை அப்படியே ‘தானியம்’னு போட்டா கதை கந்தல். சீழ் வடியிற ஓட்டைக்கு ‘சைனஸ்’னு பேர். நம்ம ஆளுங்களுக்கு சைனஸ்னா மூக்கடைப்பு! ‘சீழ் வடியும் புண்வழி’ன்னு எழுதினா புரிஞ்சிடும்.

அடுத்தது சான்று. மருத்துவத்துக்கு விக்கிப்பீடியாவில் ரூல்ஸ் கொஞ்சம் கறார். செய்தித்தாள் துணுக்கு, எலியில் பண்ணின ஒத்தை ஆய்வு, மருத்துவமனை விளம்பரம் எதுவும் செல்லாது. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசின மீளாய்வுக் கட்டுரை, பாடநூல், உலக சுகாதார நிறுவனத்தோட வழிகாட்டுதல் மாதிரி வேணும். (அந்த நிறுவனம் 2016-ல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் சேர்த்தது.) நீங்க டாக்டராவே இருந்தாலும் ‘என் அனுபவத்தில்’னு எழுத முடியாது. மருந்து பேர் போடலாம். எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளைன்னு பொதுவா போடுறதில்லை. அதைப் பார்த்து யாராவது கடையில் வாங்கிச் சாப்பிட்டா என்ன ஆகுறது?

முதல்ல உங்க பயனர் பக்கத்துக்குக் கீழே இருக்கிற மணல்தொட்டியில் எழுதிப் பாருங்க. பிறகு கட்டுரையில் ‘தொகு’வை அழுத்தி, ஒரு வரி, ஒரு மேற்கோள்னு சேருங்க. என்ன மாத்தினீங்கன்னு சுருக்கத்தில் குறிச்சிடுங்க. யாராவது அதை நீக்கினா திரும்பத் திரும்பப் போட்டுச் சண்டை பிடிக்காம உரையாடல் பக்கத்தில் காரணம் கேளுங்க. பொதுவான சந்தேகம்னா ஆலமரத்தடி இருக்கு. நம்ம விக்கியர்கள் கூடிப் பேசுற பக்கத்துக்கு அதுதான் பேரு.